எந்த வகுப்பில் ஊர் மாறலாம்?



தமிழ்நாட்டிலிருந்து வேலையின் நிமித்தம் ஐதராபாத்துக்கு வரும் குடும்பங்கள் முதலில் வாடகை வீடு தேடுகின்றன. அடுத்ததாகத் தமிழ் ஆராதனை நடைபெறும் சபையைத் தேடுகின்றன. பள்ளிக்கூடத்தைத் தேடுவது பெரும்பாலும் மூன்றாவதாகத்தான். ஆனால் வீடு பிடிக்கவில்லையெனில் பதினோரு மாதத்தில் மாற்றிக்கொள்ளலாம். பிள்ளையின் பள்ளியை அவ்விதம் எளிதாய் மாற்ற இயலாது. எந்த வகுப்பில் மாநிலம் கடந்து வந்தோம் என்பதைப் பொறுத்தே, பின்னாளில் எந்த மாநிலத்தின் கல்லூரிக் கதவு நம் பிள்ளைக்குத் திறக்கும் என்பது தீர்மானிக்கப்படுகிறது. இதை அறியாமல் வந்து, பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தபின் கலங்கும் பெற்றோர் அநேகர். ஆகையால் இம்மாதம் தமிழ்நாட்டுப் பள்ளி முறையையும் தெலங்கானாப் பள்ளி முறையையும் அருகருகே வைத்துப் பார்ப்போம்.

நாம் இந்த நகரத்துக்குப் புதியவர்கள் அல்லர். 1806-இல் உருவான சிக்கந்தராபாத் படைமுகாமோடு சென்னை மாகாணத்துத் தமிழரும் வந்து குடியேறினர். 1862-இல் சோமசுந்தர முதலியார் என்னும் தமிழர் தொடங்கிய மஹபூப் கல்லூரி சிக்கந்தராபாத்தின் பழமையான கல்வி நிலையங்களுள் ஒன்றாகும். அன்று போர்வீரராகவும் ரயில்வே ஊழியராகவும் வந்தோர் திருமலகிரி, பொல்லாரம், லாலாகூடா பகுதிகளில் தங்கினர். இன்று கணினித் துறையை நம்பி வருவோர் மாதாப்பூரிலும் கொண்டாப்பூரிலும் மியாப்பூரிலும் குடியிருக்கின்றனர். அன்றும் இன்றும் கேள்வி ஒன்றே: பிள்ளையை எங்கே படிக்க வைப்பது?

பத்தாம் வகுப்புக்குப் பின் பாதை பிரிகிறது

முதல் வேறுபாடு பத்தாம் வகுப்புக்கு அப்பால் தெரிகிறது. தமிழ்நாட்டில் 1978 முதல் மேல்நிலைக் கல்வி பள்ளியின் ஒரு பகுதியாகவே உள்ளது. பிள்ளை அதே சீருடையில், அதே வளாகத்தில், பல வேளைகளில் அதே ஆசிரியர்களிடம் பிளஸ் டூ வரை பயில முடியும். தெலங்கானாவிலோ மாநிலப் பாடத்திட்டத்தில் பயிலும் பிள்ளைக்குப் பள்ளி பத்தாம் வகுப்போடு முடிகிறது. அதன்பின் இரண்டு ஆண்டுகள் 'இன்டர்மீடியட்'. அதைப் பயிலும் இடம் ஜூனியர் காலேஜ். அதற்குத் தனி வாரியம் உண்டு. அயலகத்துத் தெலுங்குக் குடும்பம் தங்கள் பதினாறு வயது மகன் காலேஜுக்குப் போகிறான் என்று சொன்னால், அவன் நம் கணக்கில் பிளஸ் ஒன் பயில்கிறான் என்று பொருள் கொள்ளுங்கள்.

பாடப் பிரிவிலும் கவனிக்க வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் 'முதல் குரூப்' எடுக்கும் பிள்ளை கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் நான்கையும் ஒருங்கே பயில்கிறது. பொறியியலா மருத்துவமா என்ற முடிவை அது பதினேழு வயதுவரை தள்ளிவைக்கலாம். இன்டர்மீடியட்டில் எம்.பி.சி. என்றால் கணிதம், இயற்பியல், வேதியியல், பை.பி.சி. என்றால் தாவரவியல், விலங்கியல், இயற்பியல், வேதியியல். இரண்டில் ஒன்றைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆகவே இங்கே பதினைந்து வயதிலேயே பிள்ளை தன் பாதையைத் தீர்மானிக்கிறது. உங்கள் மகளுக்கு மனம் இன்னும் உறுதிப்படவில்லையெனில், இந்த ஒரு காரணத்துக்காகவே அவளோடு அமர்ந்து ஆற அமரப் பேசுவது அவசியம்.

தேர்வு முறையும் வேறுபடுகிறது. இன்டர்மீடியட்டின் இரண்டு ஆண்டுகளிலும் பொதுத்தேர்வு உண்டு. இரண்டும் சேர்த்து 1000 மதிப்பெண். தமிழ்நாட்டில் பதினோராம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு 2017-18-இல் கொண்டுவரப்பட்டது. பல தனியார் பள்ளிகள் பதினோராம் வகுப்புப் பாடங்களை நடத்தாமல் நேரே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்துக்குத் தாவியதே அதற்குக் காரணம். 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அத்தேர்வைக் கைவிட்டது. இப்போது அங்கே பிளஸ் டூ தேர்வு மட்டுமே. ஆறு பாடங்களுக்கு 600 மதிப்பெண்.

இரு மொழியா, மும்மொழியா?

ஊர் மாறும் பிள்ளைக்கு முதல் நாளிலேயே எதிர்ப்படும் மலை மொழிதான். 1968 முதல் தமிழ்நாட்டு அரசு இருமொழிக் கொள்கையைப் பின்பற்றுகிறது. மாநிலப் பாடத்திட்டத்தில் பயிலும் பிள்ளை தமிழையும் ஆங்கிலத்தையும் மட்டும் கற்றால் போதும். தெலங்கானாவில் தெலுங்கு, இந்தி, ஆங்கிலம் என மூன்று மொழிகள். திருநெல்வேலியிலோ வேலூரிலோ ஏழாம் வகுப்பு முடித்த பிள்ளை இங்கே எட்டாம் வகுப்பில் சேரும்போது, உடன் பயில்வோர் பல ஆண்டுகளாகப் படித்துவரும் இரண்டு மொழிகளை எழுத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. கணிதத்தில் நூறு வாங்கிய பிள்ளை திடீரென்று வகுப்பின் கடைசி வரிசைக்குத் தள்ளப்பட்டதாக உணர்கிறது. அது அறிவுக் குறைவு அன்று; இரண்டு மாநிலக் கொள்கைகளுக்கு இடையே உள்ள இடைவெளி. இதைப் பிள்ளையிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அதன் பாரம் பாதியாகக் குறையும்.

'சி.பி.எஸ்.இ. பள்ளியில் சேர்த்துவிட்டால் தெலுங்கு வேண்டாமே' என்று எண்ணுவோர் உண்டு. அந்த எண்ணம் சரியன்று. 2018-இல் இயற்றப்பட்ட தெலங்கானாச் சட்டம் ஒன்றாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்புவரை எல்லா வாரியப் பள்ளிகளிலும் தெலுங்கைக் கட்டாயப் பாடமாக்கியது. சி.பி.எஸ்.இ., ஐ.சி.எஸ்.இ., ஐ.பி. பள்ளிகளும் அதில் அடங்கும். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொள்ளாத பிள்ளைகளும் பயில ஏதுவாக, 'வெந்நெல' என்னும் எளிய பாடநூலை ஒன்பதாம் வகுப்பில் 2025-26 முதலும் பத்தாம் வகுப்பில் 2026-27 முதலும் பயன்படுத்த 2025-இல் அரசு ஆணையிட்டது. பள்ளியில் சேர்க்கும் நாளிலேயே, தெலுங்குக்கு எந்த நூல் கற்பிக்கப்படுகிறது, புதிதாய் வருவோருக்குத் தனி வகுப்பு உண்டா என்று கேளுங்கள்.

திரும்பிப் போகிறவர்களுக்கும் இதே மலை மறுபுறத்தில் நிற்கிறது. 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்தினால் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டு, 2015-16-இல் அது பத்தாம் வகுப்பை எட்டியது. ஐதராபாத்தில் எட்டு ஆண்டுகள் வளர்ந்து, தமிழ் பேசத் தெரிந்தும் எழுதத் தெரியாத பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் மதுரைக்குத் திரும்பினால், தன் தாய்மொழியே அதற்குக் கடினமான தாளாகிவிடும்.

மதிப்பெண்ணா, நுழைவுத் தேர்வா?

இரண்டு மாநிலங்களும் கல்லூரி வாசலில் பிள்ளையை அளக்கும் கோல் வெவ்வேறு. தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கைக்கான மாநில நுழைவுத் தேர்வு 2006-ஆம் ஆண்டின் சட்டத்தினால் நீக்கப்பட்டது. பிளஸ் டூ கணித மதிப்பெண் 100-க்கும், இயற்பியலும் வேதியியலும் தலா 50-க்கும் கணக்கிடப்பட்டு, 200-க்குக் 'கட் ஆஃப்' தரப்படுகிறது. கிராமத்துப் பிள்ளை நகரத்துப் பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டாமலேயே நல்ல கல்லூரியில் சேரலாம் என்பது அதன் நோக்கம்.

தெலங்கானாவில் பொறியியல், வேளாண்மை, மருந்தியல் படிப்புகளுக்கு நுழைவுத் தேர்வு உண்டு. எம்செட் என்று நெடுங்காலம் அறியப்பட்ட அத்தேர்வு 2024 முதல் 'டி.ஜி. ஈ.ஏ.பி.செட்' என வழங்குகிறது. மூன்று மணி நேரத்தில் 160 வினாக்கள். முன்பு இன்டர்மீடியட் மதிப்பெண்ணுக்கு 25 சதவீத மதிப்பு இருந்தது, அதுவும் நீக்கப்பட்டுவிட்டது. இங்கே இன்டரில் 980 வாங்கினாலும், தரவரிசையை முடிவு செய்வது அந்த மூன்று மணி நேரமே. பதினோராம் வகுப்பு முதல் நாளிலிருந்தே பிள்ளைகள் பயிற்சியில் அமர்த்தப்படுவதும், விடுதியோடு கூடிய ஜூனியர் காலேஜ்கள் நகரெங்கும் பெருகியிருப்பதும் இதனால்தான்.

எது நல்ல முறை என்று ஒரே சொல்லில் தீர்ப்பளிக்க முடியாது. மதிப்பெண் முறை இரண்டு ஆண்டுச் சீரான உழைப்பை மதிக்கிறது. ஆனால் மனப்பாடத்துக்கு இடம் தருகிறது. நுழைவுத் தேர்வு சிந்தித்து விடை காணும் விரைவை மதிக்கிறது. ஆனால் பயிற்சிக்குச் செலவிட இயன்றவருக்குச் சாதகமாகிறது. ஒரு முறையில் பழகிய பிள்ளை மறு முறைக்கு மாறும்போது நொறுங்கக்கூடும் என்பதை அரியலூர் மாவட்டத்து அனிதாவின் மறைவு நாட்டுக்கு உணர்த்தியது. பிளஸ் டூவில் 1200-க்கு 1176 பெற்ற அந்த மகள், மருத்துவத்துக்கு நீட் தேர்வே அளவுகோல் என்றான 2017-இல் தன் வாழ்வை முடித்துக்கொண்டாள். தெலங்கானாவும் அத்துயரத்துக்கு விலக்கன்று. 2019 ஏப்ரலில் இன்டர்மீடியட் முடிவுகளில் குளறுபடி ஏற்பட்டபோது பல மாணவர்கள் உயிரை மாய்த்துக்கொண்டனர். தோல்வியுற்ற அனைவரின் விடைத்தாள்களையும் கட்டணமின்றி மறுபடி சரிபார்க்க அரசு ஆணையிட நேர்ந்தது.

பெற்றோர்களே, முடிவு வெளியாகும் நாளில் பிள்ளையைத் தனியே விடாதிருங்கள். மதிப்பெண் பட்டியல் தவறாகவும் இருக்கலாம்; மறுமதிப்பீடு உண்டு, துணைத் தேர்வு உண்டு. பிள்ளையின் மனம் சோர்ந்திருப்பதைக் கண்டால், மத்திய அரசின் 'டெலி மானஸ்' உதவி எண் 14416-ஐ எந்நேரமும் அழைக்கலாம். ஜெபிப்பதோடு மருத்துவ ஆலோசனை நாடுவதும் விசுவாசக் குறைவாகாது.

நான்கு ஆண்டுக் கணக்கு

இனிச் சொல்லப்போவதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். தெலங்கானாவில் 'உள்ளூர் மாணவர்' என்று கருதப்பட, இறுதித் தகுதித் தேர்வோடு முடியும் நான்கு ஆண்டுகள் தொடர்ச்சியாக இங்கே பயின்றிருப்பது முக்கிய நிபந்தனையாகும். அதாவது ஒன்பது, பத்து, இன்டர் முதலாண்டு, இன்டர் இரண்டாமாண்டு. இதன் வேர் பழையது. 1969-இலும் 1972-இலும் எழுந்த கிளர்ச்சிகளுக்குப் பின் அரசியல் சாசனத்தில் 371-டி என்னும் பிரிவு சேர்க்கப்பட்டு, 1974-இல் குடியரசுத் தலைவர் ஆணை பிறப்பிக்கப்பட்டது. பொறியியல் இடங்களில் 85 சதவீதம் உள்ளூர் மாணவருக்கு உரியது. எஞ்சிய 15 சதவீதத்துக்கும், பெற்றோர் பத்து ஆண்டுகள் இம்மாநிலத்தில் வாழ்ந்திருப்பது போன்ற நிபந்தனைகளை 2025-இல் அரசு விதித்தது. மருத்துவத்துக்கு 2024-இல் வகுக்கப்பட்ட நான்கு ஆண்டு விதியை 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

இங்கே வாரியம் எது என்பதைவிடப் பள்ளி எங்கே இருக்கிறது என்பதே கணக்கு. கோயம்புத்தூரில் சி.பி.எஸ்.இ. பயின்று பதினோராம் வகுப்பில் ஐதராபாத்தின் சி.பி.எஸ்.இ. பள்ளிக்கு மாறிய பிள்ளைக்குப் பாடநூல் மாறவில்லை. ஆனால் நான்கு ஆண்டுக் கணக்கு நிறைவேறவில்லை.

தமிழ்நாட்டின் கதவு நமக்கு முற்றிலும் அடைபட்டுவிடவில்லை. தமிழ்நாட்டைப் பூர்வீகமாகக் கொண்ட பிள்ளை வெளிமாநிலத்தில் பயின்றிருந்தாலும், வட்டாட்சியர் வழங்கும் பிறப்பிடச் சான்றிதழையும் பெற்றோரின் ஆவணங்களையும் காட்டி, அங்குள்ள பொறியியல், மருத்துவக் கலந்தாய்வுகளுக்கு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. இன்டர்மீடியட் மதிப்பெண்ணும் சி.பி.எஸ்.இ. மதிப்பெண்ணும் அங்கே ஏற்கப்படுகின்றன. ஈ.ஏ.பி.செட் தேர்வில் தரவரிசை பின்தங்கினாலும் இன்டரில் நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளைக்கு இது மெய்யான இரண்டாம் வாய்ப்பு. பலர் விண்ணப்ப நாள் கடந்தபின் இதை அறிகிறார்கள்.

எனினும் சில உரிமைகளை ஊர் மாறும்போதே இழக்கிறோம் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மருத்துவச் சேர்க்கையில் 2020 முதல் வழங்கப்படும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டுவரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் பயின்றோருக்கே உரியது. அரசு வேலையில் தமிழ் வழியில் பயின்றோருக்கான 20 சதவீத முன்னுரிமைக்கு, 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் பயின்றிருக்க வேண்டும். சமுதாயச் சான்றிதழும் அப்படியே. ஒவ்வொரு மாநிலத்துக்கும் பட்டியல் தனி. ஒரு மாநிலத்தின் பட்டியல் இனத்தவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அங்கே அச்சலுகையைக் கோர இயலாது என்று 1990-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

விடுமுறையும் ஓய்வுநாளும்

ஆண்டின் ஓட்டமும் மாறுகிறது. தமிழ்நாட்டில் அரையாண்டுத் தேர்வு முடிந்து கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டுவரை விடுமுறை வருவதால், ஊருக்குச் சென்று தாத்தா பாட்டியோடு பண்டிகை ஆசரிக்க நமக்குப் பழக்கம். இங்கே நீண்ட விடுமுறைகள் தசராவுக்கும் சங்கராந்திக்கும் வருகின்றன. கிறிஸ்துமஸுக்குச் சில நாட்கள் சேர்ந்தாற்போல் விடுமுறை பெரும்பாலும் மிஷனரிப் பள்ளிகளில்தான். டிசம்பரில் ஊருக்குப் பயணச்சீட்டு எடுக்குமுன் பள்ளி நாட்காட்டியைப் பாருங்கள்.

இதைவிடப் பெரிய கேள்வி ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியது. பயிற்சி மையங்கள் பல ஞாயிறு காலையில் தேர்வு வைக்கின்றன. ஆராதனையா பயிற்சித் தேர்வா என்று வாரந்தோறும் வீட்டில் வாக்குவாதம் நடக்க விடாதிருங்கள். பணம் கட்டுமுன்னே ஞாயிறு கால அட்டவணையைக் கேட்டு, குடும்பமாக ஒரு தீர்மானம் எடுங்கள். பதினாறு வயதுக்குக் குறைந்தவர்களைப் பயிற்சி மையங்கள் சேர்க்கலாகாது என்று மத்திய அரசின் 2024 ஜனவரி வழிகாட்டுதல் கூறுகிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு 'ஐ.ஐ.டி. அடித்தளம்' என்று விளம்பரம் செய்வோரிடம் இதை நினைவூட்டத் தயங்காதிருங்கள்.

எனவே என்ன செய்யலாம்?

பிள்ளை ஐந்தாம் வகுப்புக்குள் இருந்தால் தயக்கமின்றி வாருங்கள். சிறு வயதில் தெலுங்கும் இந்தியும் விளையாட்டாகவே வந்துவிடும். ஆறு முதல் எட்டுவரை என்றால், வருவதற்கு முந்தைய கோடை விடுமுறையிலேயே தெலுங்கு எழுத்துக்களைத் தொடங்குங்கள். நெடுநாள் இங்கே தங்கும் எண்ணம் இருந்தால், ஒன்பதாம் வகுப்பின் தொடக்கம்தான் கடைசி எல்லை. பிள்ளை பத்தாம் வகுப்பிலோ அதற்கு மேலோ இருந்தால், தகப்பனார் முன்னே வந்து, தாயும் பிள்ளையும் பிளஸ் டூ முடியும்வரை ஊரிலேயே தங்குவது பற்றி யோசியுங்கள். குடும்பம் பிரிந்திருப்பது எளிதன்று. கணவன் மனைவி இருவரும் கலந்து, பாட்டி தாத்தாவின் துணையையும் கணக்கிட்டு, இதைத் தீர்மானிக்க வேண்டும். பிரிந்திருக்க இயலாதவர்கள், நான்கு ஆண்டுக் கணக்கு நிறைவேறாது என்பதை அறிந்தே வந்து, தமிழ்நாட்டுக் கலந்தாய்வுக்கான ஆவணங்களை முதல் நாளிலிருந்தே சேகரிக்கட்டும்.

வரும்போது கையோடு கொண்டுவர வேண்டியவை: மாற்றுச் சான்றிதழ், ஒவ்வொரு வகுப்பின் மதிப்பெண் அறிக்கை, முந்தைய பள்ளிகளின் படிப்புச் சான்று, பள்ளிப் பதிவில் பிள்ளைக்கு வழங்கப்பட்ட நிரந்தரக் கல்வி எண், பெற்றோரின் பள்ளிச் சான்றுகளின் நகல், பிறப்பிடச் சான்றிதழ். பத்தாம் வகுப்பை வெளிமாநிலத்தில் முடித்து இன்டரில் சேர்வோர், வாரியம் மாறுவதற்கான இடப்பெயர்வுச் சான்றும் தெலங்கானா இன்டர்மீடியட் வாரியத்தின் தகுதிச் சான்றும் பெற வேண்டும். பெயரின் எழுத்துக்களும் தலைப்பெழுத்தும் எல்லாத் தாள்களிலும் ஒன்றுபோல் உள்ளனவா என்று பாருங்கள். தமிழ்நாட்டில் 'எஸ். டேவிட்' என்று எழுதிய பெயரை இங்கே தகப்பன் பெயரை விரித்து எழுதுவதால் எழும் குழப்பம் சிறிதல்ல.

கடைசியாகத் தமிழைக் குறித்து. வீட்டில் பேசுவதால் மட்டும் தமிழ் எழுத்து வந்துவிடாது. 2021 டிசம்பர் முதல் தமிழ்நாடு அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ்த் தாளில் 40 சதவீதம் பெறாதவரின் மற்றத் தாள்கள் திருத்தப்படுவதில்லை. அரசுப் பணி ஒருபுறம் இருக்கட்டும். சபையில் வேதபாரகம் வாசிக்க அழைத்தால், ஆங்கில வேதாகமத்தைத் தேடும் பிள்ளைகள் நம் நடுவில் பெருகிவருகின்றனர். பாபிலோனில் தானியேலும் அவன் தோழரும் அந்நாட்டு மொழியைக் கற்றுத் தேறினார்கள். தங்கள் சொந்தத்தை மறக்கவுமில்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. 2001-இல் தொடங்கப்பட்ட தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்னும் பெயரில் வெளியில் வாழும் பிள்ளைகளுக்குச் சான்றிதழ்ப் பாடங்களை நடத்துகிறது. ஓய்வுநாள் பள்ளியில் கால் மணி நேரம் தமிழ் வாசிப்புக்கு ஒதுக்கினால் ஓராண்டுக்குள் பிள்ளை எழுத்துக் கூட்டத் தொடங்கிவிடும். உங்கள் சபையின் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியரிடம் இந்த வாரமே கேட்டுப்பாருங்கள்.

இன்றிரவு ஒரு தாளை எடுங்கள். பிள்ளையின் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பு முடியும் ஆண்டையும் எழுதுங்கள். அதிலிருந்து நான்கு ஆண்டுகளைப் பின்னோக்கி எண்ணுங்கள். அந்த ஆண்டில் உங்கள் குடும்பம் எந்த மாநிலத்தில் இருக்கும் என்று இருவரும் அமர்ந்து பேசுங்கள். பிள்ளையையும் அருகே உட்கார வையுங்கள். முடிவு அதன் வாழ்வைப் பற்றியது.